சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கணினி வன்பொருள் வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்தில் செம்பனையும் பால்மரமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர், எஸ்பிஎம் (பள்ளியிறுதித் தேர்வு) முடிந்ததும் "ஐடி படிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. கல்லூரிப் படிவம் நிரப்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கி, முழுசாகக் கழற்றி, மறுபடி பூட்டி, ஓட வையுங்கள். மூன்று தடவை. மூன்றாம் தடவையும் கை சலிக்கவில்லை என்றால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரும்.

பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். மின்சாரம் போகும் வழியே நீங்களும் போங்கள்: சுவர் பிளக், பவர் சப்ளை, மதர்போர்டு (எல்லாப் பாகமும் இணையும் தாய்ப்பலகை), புரோசசர் (கணக்குப் போடும் மூளை), ரேம் (தற்காலிக நினைவகம்), டிஸ்க் (கோப்புகள் தங்கும் சேமிப்பகம்), திரை. இந்த வரிசையில் பார்த்தால் எது எதற்கு என்று தானாகவே விளங்கும். பின்னால் கோளாறு தேடும்போதும் இதே வரிசைதான் கைகொடுக்கும்.

எதை வாங்குவது

அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினியே பழகுவதற்கு நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் புரோசசர்களில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அதனால் 6, 7ஆம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. பழகுபவருக்கு அவை தாராளம்; விண்டோஸுக்குப் பதில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் நன்றாகவே ஓடும்.

தலைமுறையை எண்ணிலேயே படிக்கலாம். ஐ5-7500 என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8400 என்றால் 8, ஐ5-12400 என்றால் 12. இங்கே ஒரு பொறி உண்டு. 6, 7, 8, 9 ஆகிய நான்கு தலைமுறைக்கும் புரோசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151தான். ஆனாலும் 7ஆம் தலைமுறை போர்டில் 8ஆம் தலைமுறைப் புரோசசர் ஓடாது. சாக்கெட்டில் அழகாக உட்காரும், திரை மட்டும் வராது. போர்டின் சிப்செட் (பாகங்களை ஒருங்கிணைக்கும் சில்லு) எண்ணைப் பார்க்காமல் புரோசசர் வாங்கக் கூடாது.

கடையில் உங்கள் கண்முன்னே ஓட வைக்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து, மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலையைத் தடவிப் பாருங்கள். அவை மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கையும் கவனியுங்கள். 24 முனை இருந்தால் அது பொதுவான ஏடிஎக்ஸ் வகை, எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். பிராண்ட் அலுவலகக் கணினிகள் பலவற்றில் 6 அல்லது 8 முனை கொண்ட தனி வகை இருக்கும். கெட்டால் அதே மாதிரிக்கு அலைய வேண்டும்.

கருவிகளுக்கு அதிகம் செலவில்லை. நுனியில் காந்தம் உள்ள 2ஆம் எண் நட்சத்திர ஸ்குரூ டிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட் (புரோசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) ஒரு குழல், மென்மையான தூரிகை, பள்ளிக்கூட வெள்ளை அழிப்பான். ஸ்குரூக்களைப் பிரித்துப் போட ஒரு முட்டை அட்டை.

முட்டை அட்டை ஏன் என்றால், ஸ்குரூ எல்லாம் ஒன்றல்ல. பெட்டிக்கும் பவர் சப்ளைக்கும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கும் மரை அகலமானது, 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மரை நெருக்கமானது. மாற்றி முறுக்கினால் டிஸ்க்கின் மரை அரிந்து போகும், அப்புறம் எதுவும் பிடிக்காது. எந்த ஸ்குரூவையும் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று இறங்கும் இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள்.

சுவரும் எர்த்தும்

நம் நாட்டில் சுவருக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று முள் பிளக்கில் நீளமான முள்தான் எர்த், அதாவது தரையிணைப்பு. பழைய லயத்து வீடுகளிலும், இரண்டு முள் இணைப்பிலோ மலிவான நீட்டிப்பு வயரிலோ ஓடும் கணினிகளிலும், பெட்டியின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். பலரும் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அதற்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு, மின்கம்பியிலிருந்து இரும்புப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே நிற்கும். அதற்குப் பவர் சப்ளையை மாற்றிப் பயனில்லை, எர்த்தைச் சரி செய்ய வேண்டும். சுவர் வயரிங்கில் நீங்கள் கை வைக்காதீர்கள். உரிமம் உள்ள வயர்மேனை அழையுங்கள்.

இடி மின்னல் நம் ஊரில் கணினிக்குப் பெரிய எதிரி. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். வெளியிலிருந்து வரும் ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஆனால் ரவுட்டருக்கு அடாப்டர் இருக்கிறது, அதிலிருந்து கணினிக்குச் செம்புக் கம்பி இருக்கிறது. கணினி ஓடுகிறது, லேன் போர்ட் மட்டும் செத்துக் கிடக்கிறது என்று யாராவது கொண்டு வந்தால், முந்தின நாள் இடியோடு மழை பெய்ததா என்று முதலில் கேளுங்கள்.

பவர் சப்ளை

230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாகக் கொடுப்பது இதன் வேலை. பழைய மாதிரிகளின் பின்புறம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளி நம் ஊர் மின்சாரத்தில் போட்டால் ஒரே வெடி, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அடங்காது. பவர் சப்ளை கெட்டால் மாற்றுவதுதான் முறை. அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது வேறு தொழில்.

திறக்காமலே சோதிக்கலாம். பொதுவான 24 முனை வகைக்கு மட்டுமான முறை இது; பிராண்ட் கணினியின் தனி வகையில் நிறக் கணக்கு மாறும். எல்லா வயர்களையும் கணினியிலிருந்து கழற்றுங்கள். பழைய விசிறி ஒன்றையோ பழைய ஹார்ட் டிஸ்க்கையோ மாட்டுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு, 24 முனைப் பிளக்கில் இருக்கும் ஒரே பச்சைக் கம்பியையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். கையை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்ற வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் பிடித்து அளக்கலாம். மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை. இதற்கு வெளியே போனால் பவர் சப்ளையைத் தூக்கிப் போடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சுமை ஏறும்போது விழுந்துவிடுகிறவையும் உண்டு.

ஊதாக் கம்பியை நினைவில் வையுங்கள். கணினி அணைந்திருந்தாலும், பிளக் சுவரில் இருக்கும் வரை அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிவது இதனால்தான். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினால் ரேமும் போகலாம், போர்டும் போகலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, விளக்கு அணைந்த பிறகே கை வைக்க வேண்டும்.

மதர்போர்டும் புரோசசரும்

போர்டைத் தொடும் முன் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். போர்டைப் பிடிக்கும்போது ஓரத்தைப் பிடியுங்கள்.

புரோசசரின் மேல் உள்ள கூலரைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. கணினியை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். பழைய பேஸ்ட் இளகும். பிறகு ஸ்குரூவை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தி, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகித் தூக்குங்கள். நேராக இழுக்கக் கூடாது. முக்கியமாக, இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 வகையில், காய்ந்த பேஸ்ட் ஒட்டிப் பிடித்து, பூட்டிய சாக்கெட்டிலிருந்தே புரோசசரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். புரோசசரின் அடியில் உள்ள முள் வளையும்.

கூலர் வந்ததும், புரோசசரின் தலையில் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும் பேஸ்டை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே திசையில் துடையுங்கள். வெள்ளி நிற மூடி பளிச்சென்று தெரியும். அதில் பொடி எழுத்தில் மாதிரி எண், அதன் கீழே உற்பத்தி விவரம். இன்டெல் புரோசசர்கள் பலவற்றில் அந்த வரியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். மலேசியாவில் பூட்டிச் சோதிக்கப்பட்டது என்று பொருள். இன்டெல் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் அதற்கு வேலைத்தளம் உண்டு. உங்கள் விரல் நுனியில் இருக்கும் சில்லு, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் கைவழியாக வந்திருக்கக்கூடும்.

புரோசசரை எடுக்க, பக்கத்துக் கம்பியை அழுத்தி வெளியே தள்ளித் தூக்க வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ வகையில் முட்கள் போர்டில் இருக்கும், மயிரிழை போல ஆயிரத்துக்கும் மேல். அங்கே விரல் படக் கூடாது, துணி படக் கூடாது, ஸ்குரூ விழக் கூடாது. திரும்ப வைக்கும்போது புரோசசரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, கையிலிருந்து விட்டுவிடுங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும். அமுக்கினால்தான் உட்காரும் என்றால் திசை தவறு.

தெர்மல் பேஸ்ட் துவரம்பருப்பு அளவு, நடுவில் ஒரே பொட்டு. கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். நிறையப் போட்டால் குளிர்ச்சி கூடாது, ஓரத்தில் வழியும். பேஸ்ட் போட மறந்தாலோ, கூலரின் நான்கு காலில் ஒன்று சரியாகப் பூட்டாமல் போனாலோ, கணினி எழுந்து கொஞ்ச நேரத்தில் அணையும். பயாஸ் (விண்டோஸுக்கு முன் போர்டிலிருந்தே எழும் அமைப்பு மென்பொருள்) திரையில் வெப்பம் பார்க்கலாம். நம் ஊர் வெயிலில் சும்மா இருக்கும்போது 35 முதல் 50 பாகை இயல்பு. 95, 100ஐத் தொட்டால் புரோசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த கணினியில் தூசி பஞ்சாக இருக்காது. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிம்பாகக் கூலரின் தகடுகளை அடைத்திருக்கும். ஊதினால் போகாது, கழற்றி, தூரிகையை ஆல்கஹாலில் நனைத்துத் தேய்க்க வேண்டும். விசிறியை ஊதிச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி விசிறியின் பேரிங் கெடும். தரையில் வைத்த பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். இரண்டு முனைகளுக்குக் குறுக்கே பல்லி செத்தால் போர்டே போகும். மேசை மேல் வையுங்கள், பின்புறத்து ஓட்டைகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள்.

ரேமும் டிஸ்க்கும்

டிடிஆர்3 ரேமுக்கு 240 முனை, 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 முனை, 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288 முனைதான், 1.1 வோல்ட், ஆனால் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றிப் போட முடியாது. மாட்டும்போது இரண்டு பக்கமும் 'டக், டக்' என்று கேட்க வேண்டும். புதியவர்கள் பயந்துகொண்டு பாதி அழுத்தத்தில் விட்டுவிடுகிறார்கள். ரேம் சொருக நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலான போர்டுகளில் புரோசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். இன்றைய வேலைக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 550 வரை, எம்.2 என்ற சின்னத் துளையில் போடும் என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு) எஸ்எஸ்டி 3,500ஐயும் தாண்டும். பழைய கணினி ஆமையாக நகர்கிறது என்று வருபவருக்கு முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க்தான். எம்.2 வாங்கும்போது கவனம்: சாட்டா, என்விஎம்இ இரண்டுமே ஒரே வடிவத்தில், 22 மில்லிமீட்டர் அகலம் 80 நீளத்தில் கிடைக்கின்றன. போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

பூட்டும் வரிசை

பெட்டிக்குள் பூட்டும் முன் வெளியே ஓட்டிப் பாருங்கள். மேசையில் காய்ந்த அட்டையைப் போட்டு அதன் மேல் மதர்போர்டு. போர்டு வந்த வெள்ளிப் பையின் மேல் வைக்காதீர்கள், அந்தப் பை மின்சாரம் கடத்தும். புரோசசர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 முனைப் பிளக், புரோசசருக்கான 4 அல்லது 8 முனைப் பிளக், திரை வயர். புரோசசர் பிளக்கை மறப்பவர்கள் ஏராளம். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு முனைகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும். பயாஸ் திரை வந்துவிட்டதா? அணைத்து, பெட்டிக்குள் மாற்றுங்கள்.

பெட்டியில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள், போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று நின்றால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். வெளியே ஓடிய கணினி பெட்டிக்குள் போனதும் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோளாறு தேடுதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் கணினி ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு அசைவும் இல்லையா? அதே சுவர் பிளக்கில் கைப்பேசி சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பிறகு வயர், பிறகு பவர் சப்ளையின் பின்சுவிட்ச், பிறகு கிளிப் சோதனை.

விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லையா? இந்தக் கோளாறுதான் கடைக்கு அதிகம் வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது திரை வயரைப் போர்டில் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். அடுத்து மற்றது, அடுத்து வேறு துளை. நம் ஊர் ஈரக்காற்றில் ரேம் முனைகள் மங்கிப் போவது சகஜம். ரேமில் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் ஒரு இரவு ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

தேதியும் நேரமும் பழசுக்குப் போகிறதா? போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது 3 வோல்ட் காட்ட வேண்டும், 2.7க்குக் கீழே போனால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அவசரப்படாதீர்கள். பேட்டரி போனதும் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா அமைப்பு, ஏஎச்சிஐ, ரெய்டு என்ற இரண்டு வகைக்கும் இடையே மாறியிருக்கலாம். மாற்றி வைத்தால் பழையபடி எழும். இது தெரியாமல் விண்டோஸை அழித்துப் போட்டு, ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களைத் தொலைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவே முடியாது.

ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடிக்கிறதா? அணையுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்; ஒவ்வொரு தடவையும் உள்ளே தட்டு சுரண்டப்படலாம். உரிமையாளரிடம் "உள்ளே முக்கியமானது இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, இருந்தால் தரவு மீட்பவர்களிடம் அனுப்புங்கள். சத்தம் இல்லாமல் தடுமாறும் டிஸ்க் என்றால் டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 என்ற வரியைப் பாருங்கள்; கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு அது. அங்கே எண் ஏறிக்கொண்டே போனால், முதல் வேலை நகல் எடுப்பது.

வேலைக்கும் படிப்புக்கும் வழி

இந்த அளவுக்குக் கை பழகியவருக்குக் கதவுகள் பல. கடைத் தொழில்நுட்பர், அலுவலகத்தில் ஐடி உதவியாளர், சர்வர் அறைப் பராமரிப்பு, கூலிம், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சோதனைப் பிரிவு. ஜெர்மனியின் சில்லு நிறுவனமான இன்ஃபினியன் 2006இலிருந்து கூலிமில் சில்லு உற்பத்தி நடத்துகிறது. தொழிற்சாலைக்குப் போக விரும்புகிறவர் மல்டிமீட்டரையும் அடிப்படை மின்னணுவியலையும் இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும்.

படிப்புக்கு, கூலிமிலேயே அட்டெக் என்ற அரசுத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் துவாங்கு சுல்தானா பஹியா போலிடெக்னிக்கும் இருக்கின்றன. எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் நிலை 1 முதல் 3 வரை, அதன் மேல் நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. எஸ்பிஎம் முடிவு சுமாராக வந்த பிள்ளைகளும் இந்தப் படியில் ஏறலாம். திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கப் பிடிபிகே என்ற அரசு நிதி அமைப்பு உண்டு. தனியாக உழைக்கக் கூடியவர் காம்ப்டியா ஏ பிளஸ் என்ற அனைத்துலகக் கணினிச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். இரண்டு தேர்வு, ஆங்கிலத்தில். முதல் தேர்வு பெரும்பாலும் நாம் இங்கே பார்த்த வன்பொருளும் வலைப்பின்னலும்தான்.

எந்தக் கல்லூரியின் முகப்புக்குப் போனாலும், கட்டணத்தைக் கேட்கும் முன் பயிற்சிக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாணவர்க்கு ஒரு கணினி, அதைக் கழற்ற விடுவார்களா, கெட்ட பாகங்களை வைத்துக் கோளாறு தேடும் பாடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கழற்ற விடாத கூடத்தில் பணம் கட்டாதீர்கள். போகும்போது நீங்கள் கழற்றிப் பூட்டிய கணினியின் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள்: தேதி, என்ன கோளாறு, எதை எதைச் சோதித்தீர்கள், அளந்த வோல்ட் எவ்வளவு, கடைசியில் என்ன காரணம். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் எஸ்பிஎம் தாளுக்குப் பிறகு கையில் எடுத்துப் புரட்டுவது அதைத்தான்.